இடது காது

எங்கள் தொகுதிக்காரர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. பக்கத்துத் தொகுதிக்கு மந்திரி வாய்த்தார். அதற்கும் அடுத்த தொகுதிக்கு நாடக நடிகர் வாய்த்தார். அவர் சிரித்தாலே கூட்டம் கூடும். எங்களுக்கு வாய்த்தவர் ஞாபகக்காரர். அவருடைய சொந்தப் பெயர், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வாக்குச்சீட்டில் பார்க்கும்போதுதான் எங்களுக்கே நினைவுக்கு வரும்.

தெருவில் நடந்து வருவார். ஒரு வாசலில் நிற்பார். "என்னம்மா, சின்னவளுக்கு மூச்சிரைப்பு குறைஞ்சுதா? குளிர் ஆரம்பிக்குது, பாத்துக்க" என்பார். அவ்வளவுதான், அந்த வீட்டில் நாலு ஓட்டு விழுந்தாயிற்று. பாலம் கட்டித் தருகிறவனுக்கு நாங்கள் நன்றி சொல்வோம். பிள்ளையின் மூச்சிரைப்பை நினைவு வைத்திருக்கிறவனுக்குத்தான் ஓட்டுப் போடுவோம். இப்படியே ஏழு தேர்தல், முப்பத்தைந்து வருஷம். எதிர்த்து நின்றவர்களில் இரண்டு பேர் ஊரைவிட்டே போனார்கள், ஒருவர் இவருடைய கட்சிக்கே வந்து சேர்ந்தார்.

இதில் ஒரே ஒரு விஷயம்தான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. மனிதருக்கு ஞாபகசக்தி என்பது மருந்துக்கும் கிடையாது.

இதை எனக்குச் சொன்னவர் அவருடைய ஓட்டுநர். இருபத்திரண்டு வருஷம் அந்த வண்டியை ஓட்டியவர். வாயைத் திறக்க மாட்டார்; திறந்தால் மூட மாட்டார். என் குடை ரிப்பேர் கடை ஞாபகக்காரர் வீட்டுக்கு நேர் எதிரே இருப்பதால், ஐயா தூங்குகிற நேரமெல்லாம் ஓட்டுநர் என் பெஞ்சில்தான் இருப்பார். மழைக்காலத்தில் எனக்குக் கை ஓயாது, அவருக்கு வாய் ஓயாது.

ஞாபகக்காரர் ஆதியில் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிறவர். வீடு வீடாகப் போய், சுவரோரம் குனிந்து, கண்ணாடிக்குள் ஓடுகிற எண்ணைப் பார்த்து அட்டையில் எழுதுகிற வேலை. எண் என்றால் அவருக்குக் கற்கண்டு. எந்த வீட்டு மீட்டர் எந்த வருஷம் எதில் நின்றது என்று இன்றைக்கும் சொல்வார். கதவைத் திறந்தவர் மாமனா மச்சானா என்று மட்டும் அவருக்குத் தெரியாது. குனிந்த தலை நிமிர்ந்ததே இல்லை. முகம் என்று ஒன்று மனிதர்களுக்கு இருப்பதே அவருக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்திருக்கும் என்று ஓட்டுநர் சொல்வார்.

அவருடைய மனைவியை நாங்கள் எல்லோரும் அம்மா என்றுதான் சொல்வோம். அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிச் சீட்டு எழுதும் வேலையில் இருந்தார். ஒரு சின்ன ஜன்னல், அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி. பெயர் என்ன, வயசு என்ன, உடம்புக்கு என்ன? மூன்றே கேள்வி. ஊரில் பிறந்தவர்கள் எல்லோரும் என்றைக்காவது ஒருநாள் அந்த ஜன்னலுக்கு முன்னால் குனிந்திருக்கிறோம். நானே மஞ்சள்காமாலையோடு குனிந்தவன். அம்மா சீட்டை எழுதிவிட்டு சும்மா இருக்க மாட்டார். "கூட யாரு வந்திருக்கா? சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுவார்.

முதல் தேர்தலில் யாரும் நிற்க முன்வராத தொகுதி இது. கட்சிக்காரர்கள் யோசித்து, ஊரில் எல்லா வீட்டுக்கும் வழி தெரிந்தவன் என்று மீட்டர்காரரைப் பலிகடாவாகப் பிடித்து நிறுத்தினார்கள். முதல் நாள் வாக்குக் கேட்கப் போனவர், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவனைப் பார்த்து, "நீங்க இங்க புதுசா குடிவந்திருக்கீங்களா?" என்று கேட்டாராம். அவன் அன்றைக்கே எதிர்க்கட்சிக்குப் போய்விட்டான். மறுநாள் காலை அம்மா ஆஸ்பத்திரிக்கு லீவு எழுதிப் போட்டுவிட்டு, அவருக்கு அரையடி பின்னால், இடது பக்கமாக வந்து நின்றார். ஞாபகக்காரருக்கு வலது காது சின்ன வயதிலேயே சீழ் வைத்து மந்தமாகிப் போனதால் இடது காதுதான் கணக்கு.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அந்த ஏற்பாடு. வாசலை நெருங்கும்போது அம்மா லேசாக முன்னால் சாய்வார். உதடு அசைவது தெரியாது. "லாரி ஆபீஸ்காரர். மூத்த பையன் சொல்பேச்சு கேக்கறதில்ல. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சு." அவ்வளவையும் வாங்கி, ஞாபகக்காரர் தன் குரலில் வாசலில் போடுவார். மக்கள் உருகுவார்கள். அம்மா பின்னால் நின்று, புருஷன் பின்னாலேயே அலைகிற வீட்டுப்பெண் போல் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தத் தேர்தலில் ஞாபகக்காரர் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இரண்டாவது முறை ஜெயித்ததும் அம்மா வேலையை விட்டார். "ஜன்னல்ல உக்காந்தா ஊரு நம்மகிட்ட வரும். இவரோட போனா நாமளே ஊருக்குப் போயிடலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். சிரித்துக்கொண்டே சொல்கிற பேச்சை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஞாபகக்காரரும் கேட்கவில்லை.

சட்டசபைக்கு அம்மா போக முடியாது. அதனால் சபையில் ஞாபகக்காரர் பரம சாது. நாலாவது வரிசையில் தூணோரம் இடம். முப்பத்தைந்து வருஷத்தில் நாற்பத்தொரு தடவை பேசியிருக்கிறார், எல்லாமே எண்கள். எத்தனை குழாய், எத்தனை கிலோமீட்டர், எத்தனை படுக்கை. பதினோராம் நம்பர் பஸ்ஸும், ஆற்றுப் பாலமும், பெண்கள் பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடமும் அப்படி வந்தவை. மற்ற நேரங்களில் மந்தக் காதை மந்திரிகள் பக்கம் வைத்துக்கொண்டு, நல்ல காதை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிற்பகலில் அந்த மண்டபமே தண்ணீருக்கடியில் கிடப்பது போல இருக்கும் என்று ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறார். பேச்சுகள் தூரத்துக் குழாய்களில் ஓடிக்கொண்டிருக்கும். யாருடைய முகமும் யாருடையதாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் விடுதியிலிருந்து வீட்டுக்குப் போன் போடுவார். "இன்னைக்கு ஒருத்தர் தோள்ல கை போட்டுப் பேசினாரு. தொங்கு மீசை, செவப்புக்கல் மோதிரம். யாரது?"

"ஐயோ, அவருதாங்க வனத்துறை மந்திரி. நீங்க என்ன சொன்னீங்க?"

"தண்ணி வாரியத்துல எந்தப் பிரிவுன்னு கேட்டேன்."

அவர் மந்திரியாகாமல் போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஒருமுறை பட்டியலில் பெயர் வந்து, கொடி கட்டிய கார் வாசலில் இரண்டு மணி நேரம் நின்றது. பிறகு ஒரு போன் வந்தது, கார் கிளம்பிப் போனது. அம்மாதான் அந்த டிரைவருக்கு ரொட்டியும் முட்டையும் கொடுத்து அனுப்பினார்.

*

போன மழைக்காலத்தில்தான் அது நடந்தது. எட்டாவது தேர்தல் வாசலில் நின்றது. இந்த மாநிலத்தில் ஒரே தொகுதியில் யாரும் தொடர்ந்து எட்டு தடவை ஜெயித்ததில்லை என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். ஞாபகக்காரர் அதை வெட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

தையல்காரர் வீடு எங்கள் தெருக் கோடியில். அம்மா வழக்கம்போலச் சாய்ந்தார். "தையல்காரர். முழங்கால் வலி. போன மாசந்தான் ஊசி போட்டாங்க."

ஞாபகக்காரர் வாசலில் நின்று கணீரென்று கேட்டார். "எங்கம்மா அவரு? முழங்கால் எப்படி இருக்கு? ஊசி கேட்டுதா?"

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த தையல்காரரின் மனைவி ஈரக் கையோடு வந்து நின்றார். தையல்காரர் செத்து இரண்டு வருஷம். பாடை தூக்கியவர்களில் இதே ஞாபகக்காரரும் ஒருவர். அந்தம்மா இவரைப் பார்த்தார், பின்னால் சிரித்தபடி நிற்கிற அம்மாவைப் பார்த்தார்.

"இப்ப வலி இல்லைங்க. நல்லா தூங்குறாரு" என்றார்.

வண்டியில் ஏறியதும் ஞாபகக்காரர் வெடித்தாராம். "என் மானத்த வாங்கிட்டியே! நான்தானே தோள் குடுத்தேன்! முட்டாப்பய மாதிரி நின்னுட்டு வர்றேன்."

அம்மா ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு, தன்பாட்டில் சொன்னாராம். "போன மாசந்தாங்க ஊசி. சீட்டு நான்தானே எழுதினேன்."

அம்மா சீட்டு எழுதி முப்பது வருஷம் ஆகிறது.

அவர்களுடைய மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அவள்தான் அம்மாவைத் தலைநகரத்து டாக்டரிடம் கூட்டிப் போனாள். படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: பழசு கொஞ்ச காலம் பத்திரமாக இருக்கும், புதுசு நிற்காது, பிறகு பழசும் ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஞாபகக்காரர் கேட்டது ஒரே கேள்விதான்.

"தேர்தல் வரைக்கும் தாங்குமா டாக்டர்?"

மகள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். நான் மகளாக இருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பதிலாக ஓட்டுநரை இடது பக்கம் நிறுத்திப் பார்த்தார்கள். ஓட்டுநருக்கு ரகசியம் பேசத் தெரியாது. அவர் கிசுகிசுத்தால் அடுத்த தெருவில் நாய் எழுந்துகொள்ளும். "ஐயா, இவன் பொண்டாட்டி கோவிச்சிட்டுப் போயி ஆறு மாசமாச்சு" என்று அவர் ஓத, வாசலில் நின்றவன், "அஞ்சு மாசந்தாண்டா!" என்று சண்டைக்கு வந்துவிட்டான். மகள் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, வீட்டு எண் வாரியாகப் பட்டியல் ஒன்று தட்டச்சு செய்து கொடுத்தாள். ஞாபகக்காரர் அதைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டே பேச, மக்களுக்கு மீட்டர்காரர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. யாரும் உருகவில்லை.

இதற்கிடையில் அம்மா தினமும் விடிகாலையில் எழுந்து பெரிய பாத்திரத்தில் தேநீர் போட ஆரம்பித்தார். முதல் தேர்தலில் கொடி கட்டிய முப்பது பையன்களுக்காக. அந்தப் பையன்களில் பாதிப் பேர் இப்போது பல்செட் போட்டவர்கள். தேநீரை வீணாக்கக் கூடாதே என்று ஓட்டுநர் தெருவில் எல்லோருக்கும் கொண்டுவந்து ஊற்றுவார். இஞ்சி தட்டிப் போட்ட, நல்ல கெட்டித் தேநீர். வெளியே சாரல் பெய்யும், என் கையில் தேநீர் இருக்கும், ஜன்னலில் அம்மாவின் முகம் தெரியும். "பசங்க வந்துட்டாங்களா?" என்று கேட்பார். "வந்துட்டோம்மா" என்பேன். எங்கள் தெருவில் அந்த மாதம் எல்லோருமே முப்பத்தைந்து வயது குறைந்து திரிந்தோம்.

*

வேட்புமனுத் தாக்கலுக்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள் மாவட்டச் செயலாளர் வந்து போனார். கார் மறைந்ததும் வீட்டுக்குள் சத்தம் கேட்டது. பிறகு ஓட்டுநர் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

சமையலறையில் மகள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நறுக்கியதை எல்லாம் தட்டில் வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மூணு மணிக்குள்ள மனு குடுத்தாகணும்" என்றார் ஞாபகக்காரர். "தலைமையில எனக்குத்தான் சொல்லியிருக்காங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன். பழசு ஞாபகம் இருக்கில்ல, பழைய வீடுங்களுக்கு மட்டும் போனாப் போதும்."

"உங்களுக்குப் பொண்டாட்டி வேணுமா, காது வேணுமாப்பா?"

"என்ன பேச்சு பேசுற நீ?"

"வேற என்ன பேசச் சொல்றீங்க? டாக்டர் என்ன சொன்னாரு? பழகின எடத்துல, பழகின மனுஷங்களோட, அமைதியா வச்சுக்கணும்னாரு. நீங்க கூட்டத்துல இழுத்துட்டுப் போய், அவங்க ஒண்ணு சொல்ல நீங்க ஒண்ணு கேக்க, ஊரே சிரிக்கும். சிரிக்கறது உங்களப் பாத்து இல்ல, அம்மாவப் பாத்து."

"எட்டாவது தடவ. யாரும் நின்னு ஜெயிச்சதில்ல."

"நின்னு?"

ஞாபகக்காரர் தண்ணீர்க் குழாயைப் பார்த்தாராம். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை இறுக்கி மூடினார்.

"உனக்குத் தெரியாது" என்றார். "இந்தப் பதவி இல்லேன்னா இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. தெருவுல இறங்கினா யாரு யாருன்னு தெரியாது. அம்மாவும் இல்லாம, பதவியும் இல்லாம, நான் என்னடி பண்ணுவேன்? எங்க போயி உக்காருவேன்?"

மகளுக்கு அப்போதுதான் அப்பாமேல் இரக்கம் வந்தது. ஆனாலும் விடவில்லை. "அம்மா இருக்காங்கப்பா. பக்கத்துலதான் இருக்காங்க. நீங்கதான் முன்னால போயிக்கிட்டே இருந்தீங்க."

அம்மா கோஸ் அடுக்குவதை நிறுத்திவிட்டு, மகளிடம் மெதுவாகக் கேட்டாராம். "இவரு கூட யாரு வந்திருக்கா? சாப்பிட்டாரா?"

*

கடைசி நாள் காலையிலிருந்து தூறல். பெய்கிற மாதிரியும் இல்லை, விட்ட மாதிரியும் இல்லை. தெரு முழுக்க ஒரு வெள்ளை மங்கல். எதிர்வீட்டுக் கதவு தெரிந்தால் பக்கத்துவீட்டு மாடி தெரியாது. மகள் வேலைக்குப் போய்விட்டாள். மனுவெல்லாம் கையெழுத்தாகிப் பச்சைக் கோப்பில் தயாராக இருந்தது. முன்மொழிகிறவர்களை ஏற்றிவர ஓட்டுநர் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஒரு மணிக்கு வந்துவிடுவேன் என்றவர், பாலத்தடியில் தண்ணீர் தேங்கி வண்டிகள் ஊர்வதாகப் போன் செய்தார். ஞாபகக்காரர் உள்ளே சட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஒரு குடைக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், அம்மா தெருவில் நிற்கிறார். வெளியே போகிற நல்ல துணி, வாரி முடித்த தலை. முதல் வீட்டு வாசலுக்கு எதிரே, ஒரு ஆளுக்கு இடம் விட்டு, அந்த இடத்துக்கு அரையடி பின்னால் நின்றுகொண்டிருந்தார். தூறல் தலையில் பொடிப்பொடியாக நின்றது.

நான் கூப்பிடுவதற்குள் ஞாபகக்காரர் ஓடிவந்தார். "இங்க என்ன பண்ற? நனையுற பாரு. உள்ள வா."

"நேரமாச்சுங்க" என்றார் அம்மா. "பசங்க முன்னால போயிட்டாங்க. ஐஸ் பேக்டரி சங்கு ஊதறதுக்குள்ள இந்தத் தெருவ முடிச்சிடலாம்."

ஐஸ் பேக்டரியை இடித்து இருபது வருஷம். ஞாபகக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். அம்மா நகரவில்லை. பயந்த குழந்தையின் முகத்தைப் போல ஆகிவிட்டது அந்த முகம். "நான் லீவு போட்டுட்டு வந்திருக்கேங்க" என்றார். அதற்குமேல் அவரால் இழுக்க முடியவில்லை. அந்தக் காலி இடத்தில் போய் நின்றார். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு, கையிலிருந்த குடையை விரித்து இரண்டு பேருக்கும் மேலே பிடித்தேன். யாரோ வாடிக்கையாளர் குடை, கம்பி ஒன்று குறைவு.

"நர்ஸ் வீடு" என்றார் அம்மா, காதோரம். "இரட்டப் பிள்ள. ஒண்ணு தங்கல. அதப் பத்திக் கேக்காதீங்க, இருக்கறதப் பத்திக் கேளுங்க."

கதவைத் திறந்தவன் வாடகைக்கு இருக்கிற கம்ப்யூட்டர்காரப் பையன். ஞாபகக்காரர் அவனைப் பார்த்து, "குழந்தை நல்லா இருக்கா?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணைக் காட்டினேன். நல்ல பிள்ளை, பிடித்துக்கொண்டான். "நல்லா இருக்குங்க, தூங்குது" என்றான். அம்மா தலையாட்டினார்.

அப்படியே வீடு வீடாகப் போனோம். இப்போது சலவை இயந்திரக் கடை இருக்கிற இடத்தில் அம்மாவுக்கு ஒரு அச்சுக்கூடம் தெரிந்தது. மை வாசனையில் தலைவலி வருகிற, எழுத்துக் கோக்கிற ஒரு கம்பாசிட்டர் தெரிந்தார். காலி மனையில் ஒரு வீடு தெரிந்தது, அதில் பிரசவத்துக்கு வந்த பெண் ஒருத்தி. ஞாபகக்காரர் புல்லைப் பார்த்து, "எப்பம்மா நாள் சொல்லியிருக்காங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மங்கலில் ஒரு பெண் குரல் வந்து பதில் சொல்லியிருந்தால்கூட நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

அவர் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. முதலில் எடுத்து, "இதோ, இதோ" என்றார். பிறகு எடுக்கவில்லை. முதல் நாலு வீட்டில் அம்மாவை எப்படியாவது திருப்பிக் கூட்டிப்போகிற அவசரம் இருந்தது. அதற்குப் பிறகு, அம்மா சொன்னதை வாங்கி அப்படியே வாசலில் போடுவதை அவர் விட்டுவிட்டார். திரும்பி அம்மாவிடமே, "அப்புறம்? அந்தப் பொண்ணு பிழைச்சுதா?" என்று கேட்க ஆரம்பித்தார். முப்பத்தைந்து வருஷம் காதில் விழுந்ததெல்லாம் அன்றைக்குத்தான் அவருக்குள் இறங்கியது என்று நினைக்கிறேன். எத்தனை பேருடைய வலி! அத்தனையையும் ஒரு மனுஷி சுமந்திருக்கிறாள்.

தையல்காரர் வீடு வந்தது. "முழங்கால் வலி" என்றார் அம்மா. ஞாபகக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். தையல்காரரின் மனைவி வாசலில்தான் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, இவரை விட்டுவிட்டு அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நூல் வாங்கப் போயிருக்காருக்கா" என்றார். "நீங்க எழுதிக் குடுத்த சீட்டத்தான் பத்திரமா வச்சிருக்கோம்."

"வெறும் வயித்துல மாத்திரை போட வேணாம்னு சொல்லு" என்றார் அம்மா.

"சொல்றேங்க்கா."

ஞாபகக்காரர் அந்தம்மாவைக் கும்பிட்டார். தேர்தல் கும்பிடு எனக்குத் தெரியும். ஏழு தடவை பார்த்திருக்கிறேன். இது வேறு.

தெருவைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது அவர்களுடைய வீட்டு வாசல் வந்தது. நான் அப்பாடா என்று குடையைத் தாழ்த்தப் போனேன். அம்மா நின்றுவிட்டார். அந்தக் கதவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வழக்கம்போல லேசாக முன்னால் சாய்ந்தார். குடை பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"இது கடைசி வீடு. ஒரு அம்மா இருக்காங்க. ஆஸ்பத்திரியில சீட்டு எழுதிக்கிட்டிருந்தாங்க, நல்ல வேலை, விட்டுட்டாங்க. வீட்டுக்காரருக்கு ஊர்க் கவலையே சரியா இருக்கும், அவரக் குத்தம் சொல்ல முடியாது. அந்தம்மாவ மட்டும் யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. நீங்க ஓட்டுக் கேக்காதீங்க. எப்படி இருக்கீங்கன்னு மட்டும் கேளுங்க."

ஞாபகக்காரர் கதவைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் மெல்லத் திரும்பினார். முகமெல்லாம் நனைந்திருந்தது, எல்லாம் தூறல் என்று சொல்ல முடியாது.

"எப்படி இருக்க?" என்றார்.

அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? அவங்ககிட்ட கேளுங்க" என்று அவரைக் கதவுப் பக்கம் லேசாகத் தள்ளினார்.

ஞாபகக்காரர் தன் வீட்டுக் கதவைத் தட்டினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை தட்டினார். உள்ளே யார் இருக்கிறார்கள் திறக்க?

"இல்ல போல இருக்கு. அடுத்ததுக்குப் போயிடலாம் வாங்க" என்றார் அம்மா. அது அவருடைய வழக்கம். எந்த வாசலிலும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நின்றதில்லை.

அந்த நேரத்தில்தான் வண்டி சேற்றை வாரியடித்துக்கொண்டு வந்து நின்றது. ஓட்டுநர் கதவைக்கூட மூடாமல் ஓடிவந்தார். "ஐயா, மணி ரெண்டரை ஆகுது. இப்ப கிளம்பினாத்தான் உண்டு. எல்லாரும் வண்டியில இருக்காங்க. கோப்பு எங்கய்யா? நான் அம்மாவப் பாத்துக்கச் சொல்றேன், இந்தக் குடைக்காரரு இருக்காரில்ல."

ஞாபகக்காரர் வாசற்படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் கையால் ஈரத்தைத் துடைத்துவிட்டு, அம்மாவையும் உட்காரச் சொன்னார்.

"வண்டியில இருக்கறவங்கள அவங்கவங்க வீட்டுல இறக்கி விட்டுரு" என்றார்.

"ஐயா, மனு...?"

"நான் இந்த வீட்டம்மாவப் பாத்துப் பேசணும்."

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் குடையைப் பார்த்தேன். வண்டிக்குள்ளிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள், பிறகு அதுவும் நின்றது. தூறல் மட்டும் அதுபாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

அம்மா தெருவைப் பார்த்தார். "அவங்க வர ரொம்ப நேரமாகும் போல இருக்குங்க" என்றார்.

"ஆகட்டும்" என்றார் அவர்.